பிரேக்கும் முழங்கால் எண்ணெயும்

என் வேலை மன்னிப்புக் கேட்பது. பெங்களூரில் ஒரு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிறேன். தமிழில் கேட்பேன், கன்னடத்தில் கேட்பேன், தெலுங்கிலும் கேட்பேன். கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்றும் தெருவிலேயே கிடைத்துவிடும். அதைப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். விடியற்காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பிவிடுவேன்.

எங்கள் கம்பெனி வண்டிகளில் எனக்கு அதிகம் திட்டு வாங்கித் தருவது ஒரு குட்டி எஸ்யூவி. ஆபீஸ் பாஷையில் ‘லக்ஸுரி காம்பாக்ட்’. அதை வாங்குகிறவர்களுக்குக் குறை சொல்ல நேரம் நிறைய இருக்கிறது. சீட்டில் இருந்த புதுத் தோல் மணம் ஏன் இவ்வளவு சீக்கிரம் போய்விட்டது என்று ஒருவர் கேட்பார். கூரைக் கண்ணாடி திறக்கும்போது தன் மனைவிக்குப் பிடிக்காத சத்தம் ஒன்று வருகிறது என்று இன்னொருவர் சொல்வார். ‘உங்கள் சிரமம் புரிகிறது சார்’ என்று சொல்லிக்கொண்டே, மனதுக்குள் அவர்களைத் திட்டித் தீர்ப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் குரலில் தேன் ஒழுகும். அதற்குத்தான் சம்பளம்.

இவ்வளவு தெரிந்தும் அந்த வண்டியை என் அண்ணனை வாங்க வைத்தது நான்தான்.

அண்ணன் வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். வந்ததும், மகள் கல்யாணத்துக்குள் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்றார். எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். கார் கம்பெனியில் வேலை செய்கிறவள் என்ற பெருமை தலைக்கேறி, ஷோரூம் ஆள் தோற்றுப்போகும் அளவுக்கு அந்த எஸ்யூவியைப் புகழ்ந்து தள்ளினேன். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினோம்.

“லக்ஸுரின்ற, காம்பாக்டுன்ற. வண்டி பெருசா சின்னதா, ஒண்ணு சொல்லு பாப்பா” என்று அண்ணன் சிரித்தார். எனக்குக் கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள், அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். வண்டியை எங்கள் விகாரை வாசலில் நிறுத்தி, புத்தருக்கு மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, இருக்கிற பிள்ளைகளையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு, தங்கவயலில் எங்கள் பகுதியான பாலகாட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

பாலகாட்டில் நாங்கள் இருப்பது சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில். லைன் என்போம். லைனில் ஒருவர் வண்டி வாங்கினால் அது அவர் பெயரில் இருக்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, சாவு, பெண் பார்ப்பது, பங்காருபேட்டையில் ரயிலைப் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் அது போகும். அண்ணன் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணி உண்டு. சாவி அதில் தொங்கும். வண்டி வேண்டியவர் சாவியை எடுத்துக்கொண்டு, தன்னுடைய பொருள் எதையாவது அங்கே மாட்டிவிட்டுப் போக வேண்டும். சுரங்கக் குழியான ஷாஃப்ட்டில் இறங்குகிறவர்கள் முன்பெல்லாம் டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கம் மூடியும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. வீட்டுச் சாவி, ஆபீஸ் அட்டை என்று ஆணியில் ஏதாவது தொங்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுச் சித்தப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் இந்த மனுஷன் எப்படி ஓட்டுகிறார் என்று அண்ணி வாசலிலேயே நின்று கத்தினார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியைத் திருப்பித் தரும்போது கழுவி, பெட்ரோல் போட்டுத் தர வேண்டும். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது. “வண்டி சூப்பர்ணா” என்று சொல்லிச் சாவியை மாட்ட வேண்டும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. இரவல் வாங்கிய பொருளில் நொட்டை சொல்கிறவருக்கு எங்கள் லைனில் அடுத்த தடவை உப்புக்கூடக் கிடைக்காது. ஆபீஸில் நாள் முழுக்கக் குறைகளைக் கேட்டுவிட்டு வருகிற எனக்கு இந்த நாகரிகம் ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த நிலையில்தான் ஆபீஸில் ரீகால் வந்தது, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுக்கும் வேலை. அந்த எஸ்யூவியில் ஒரு குறிப்பிட்ட தொகுதி வண்டிகளுக்கு மட்டும், பிரேக்குக்கு உதவும் ஒரு குழாயில் கோளாறு. எப்போதாவது பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். முழு பலத்தோடு அழுத்தினால் நிற்கும், ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். இது எங்களுக்குச் சொன்னது. உரிமையாளர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதைத் தனியாக எழுதிக் கொடுத்தார்கள். அதில் ‘ஆபத்து’ இல்லை, ‘கோளாறு’ இல்லை, ‘பிரேக்’ என்ற சொல்கூட மூன்றாவது வாக்கியத்தில்தான் வரும். ‘முன்னெச்சரிக்கையாக ஓர் இலவசப் பரிசோதனை.’ கேட்கிறவர் பதறக் கூடாது. நான் அதைப் படித்தால் யாரும் பதற மாட்டார்கள் என்று டீம் லீடர் பாராட்டினார். சந்தோஷப்பட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். “முதல்ல என் கால்லதான் கோளாறுன்னு நெனச்சேம்மா. டாக்டர்கிட்டகூடப் போய்ட்டு வந்தேன். அப்புறம் என் பையன் ஓட்டுறப்பவும் அதே மாதிரி ஆச்சு. அப்பதான் தெரிஞ்சுது வண்டியிலன்னு.” அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் குரல் ரயிலில் வீடு திரும்பும்வரை காதிலேயே இருந்தது.

சில நாள் கழித்து, பட்டியலில் அடுத்த எண்ணை அழைத்தேன். பெங்களூர்க்காரர் ஒருவர் எடுத்தார். “அந்த வண்டியை எப்பவோ வித்தாச்சு மேடம். கேஜிஎஃப் பார்ட்டி ஒருத்தர் வாங்கினார்.” திரையில் இருந்த வண்டி எண்ணை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அண்ணன் வண்டியை ஏற்றிய நாளில் அந்த எண்ணுக்கு நானே பொட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணன் சர்வீஸுக்கு ஷோரூமுக்குப் போவதில்லை, ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக்கிடம்தான் விடுவார். ஆகவே கம்பெனிக்கு அவர் யாரென்றே தெரியாது. கடிதமும் போகாது, அழைப்பும் போகாது. அவருக்கும் அந்தச் செய்திக்கும் நடுவில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

திரையில் இரண்டு வழிகள் இருந்தன. புதிய உரிமையாளரின் விவரத்தைச் சேர்க்கலாம். அல்லது ‘விற்கப்பட்டது’ என்று அழுத்தி முடித்துவிடலாம். விவரத்தைச் சேர்த்தால் அண்ணனுக்கு உடனே குறுஞ்செய்தி போய்விடும். முதலில் நானே நேரில் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ‘விற்கப்பட்டது’ என்பதை அழுத்தினேன். திரை அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. நானும் போய்விட்டேன்.

அன்று மாலை லைனுக்குள் நுழையும்போது அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வீட்டுப் பெண்ணையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் அழைத்து வந்திருந்தார். பின்சீட்டில் பால் வாசனை அடித்தது.

“அண்ணா, வண்டிய ஒருதபா பெங்களூர்ல வுட்டு செக் பண்ணிக்கலாமா? முன்னெச்சரிக்கைக்குதான். ஃப்ரீ.”

“இன்னாத்துக்கு? நல்லாதானே ஓடிகினு கீது?”

“கம்பெனியே கூப்புடுறாங்க. சும்மா ஒரு பரிசோதனை.”

“ஃப்ரீன்னு உள்ள இட்டுகினு போயி, நாலு பார்ட்ட மாத்திட்டு பில்ல நீட்டுவானுங்க. கல்யாணம் முடியட்டும் பாப்பா, பாத்துக்கலாம்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். நான் என்ன சொன்னேன்? பதறக் கூடாது என்று எழுதிய வசனத்தைத்தான் அவரிடமும் சொன்னேன். அவரும் பதறவில்லை. வசனம் நன்றாகத்தான் வேலை செய்தது.

மறுபடி சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு எனக்கு நானே பல காரணங்களை வைத்துக்கொண்டேன். மாற்ற வேண்டிய குழாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவரை வண்டியை ஷோரூமிலேயே போட்டுவைப்பார்கள், கல்யாணப் பெண் இந்த வண்டியில் வந்து இறங்குவாள் என்று சம்பந்தி வீடுவரை சொல்லியாகிவிட்டது. எத்தனையோ வண்டிகளில் ஒன்றிரண்டுக்குத்தான் இப்படி ஆகிறது. இதெல்லாம் வாதம். உண்மையான காரணம், நான் சொல்லி வாங்கிய வண்டி அது. அண்ணன் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பௌர்ணமியன்று விகாரையில் எல்லோரும் பஞ்சசீலம் சொல்லும்போது, பொய் சொல்லமாட்டேன் என்கிற வரியில் எனக்குப் பொய்யாக ஓர் இருமல் வந்தது. சொல்லாமல் இருப்பதும் பொய்யில் சேருமா என்று பிக்குவைக் கேட்டிருக்கலாம். பதில் தெரிந்துதான் கேட்கவில்லை.

கல்யாண வேலைகள் சூடுபிடித்த நேரத்தில் அண்ணன் ஃபுட்பால் பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று அண்ணி சொன்னார். ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் மைதானத்துக்குப் போகாமல் அவர் இருந்ததே இல்லை. வளைகுடாவிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் பெட்டியில் முதலில் வைப்பது பூட்ஸைத்தான். என்னவென்று போய்ப் பார்த்தேன். வலது காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“காலு போச்சு பாப்பா. வண்டி ஓட்டச் சொல்ல பிரேக்க அழுத்தறேன், கல்லு மாதிரி கீது. கால்ல சத்தே இல்ல. வயசாயிடுச்சு, வேற இன்னா?”

சேலத்துப் பெரியவர் சொன்ன அதே கதை. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். உன் காலுக்கு ஒன்றுமில்லை அண்ணா, வண்டிக்குத்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாரே?

“எண்ணெ தேச்சா சரியாப் போயிடும்ணா” என்றேன்.

மறுநாள் ரயிலை விட்டு இறங்கியதும் ராபர்ட்சன்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்குப் போய் முழங்கால் எண்ணெய் வாங்கினேன். இருப்பதிலேயே நல்லதாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தினமும் சாயங்காலம் அண்ணி அதைச் சூடாக்கி அவர் காலில் தேய்ப்பார். லைன் முழுக்க அந்த வாடை வரும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அண்ணன் வண்டியை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். “எனக்கு காலு சரியில்ல, நீங்க ஓட்டிகினு போங்க” என்று சாவியைத் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்தார். ஆணியில் வண்டிச் சாவியைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ரயிலிறங்கி வரும்போதெல்லாம் அந்த ஆணியைப் பார்ப்பேன். யாருடைய சாவி, யாருடைய அட்டை என்று பார்ப்பேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சமைப்பேன், சாப்பிடுவேன், தூங்குவேன். ஆம், தூங்கினேன். எல்லோரும் கழுவிய வண்டியோடு திரும்பி வந்தார்கள். “வண்டி சூப்பர்ணா” என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காய்கறிப் பையோடு அண்ணன் வீட்டைக் கடக்கும்போது வழக்கம்போல ஆணியைப் பார்த்தேன். நீலப் பட்டையில் ஒரு கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. அதிலிருந்த புகைப்படம் என் மகள்.

“அவ ஃப்ரெண்டு பெங்களூருக்குத் திரும்பிப் போவுது. பங்காருபேட்டைல ரயிலேத்திட்டு வரேன்னு போயிருக்கா” என்று அண்ணன் உள்ளேயிருந்து சொன்னார். “நல்லா ஓட்டுறா பாப்பா, பயப்படாத.”

பை கையிலிருந்து விழுந்தது.

“அண்ணா, அந்த வண்டில பிரேக்கு புடிக்காது! பிரேக்கு புடிக்காதுண்ணா!”

அவ்வளவுதான். இத்தனை நாளாகச் சொல்ல முடியாமல் நான் வைத்திருந்தது இவ்வளவுதான். வசனமும் இல்லை, முன்னெச்சரிக்கையும் இல்லை. லைனில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு பைக்கை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். மகள் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று கண்டித்து வளர்த்தவள் நான்தான்.

பங்காருபேட்டை சாலையில் எங்கெல்லாம் நாலு பேர் நின்றார்களோ அங்கெல்லாம் என் உயிர் நின்றது. ஒரு பஸ் நிறுத்தம். ஒரு கறிக்கடை. அப்புறம் ஒரு கோயில் வாசல். நேற்றுவரை ஊரார் பிள்ளைகள் இதே சாலையில் இதே வண்டியில் போனபோது நான் பைக்கில் ஏறவில்லை. இது அப்போதே எனக்கு உறைத்தது. போகிற வழியெல்லாம் அண்ணன் முதுகைப் பார்த்தபடி அழுதேன். மகளை நினைத்துப் பாதி, இதை நினைத்துப் பாதி.

ஓர் இறக்கத்தின் முடிவில் வண்டி நின்றது. அதற்கு முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் கை நுழையும் அளவுக்குத்தான் இடம். மகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த டீ தளும்பிச் சுடிதாரில் கொட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தோழியை ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாளாம்.

“நின்னுடுச்சும்மா. ரெண்டு காலையும் வெச்சி அமுக்கினேன், நின்னுடுச்சு” என்றாள் என் தோளில். பிறகு பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை அவரிடம் நீட்டினாள்.

“மேல மட்டும் கொஞ்சம் தூசி, கழுவிட்டுத் தரேன் மாமா. மத்தபடி வண்டி சூப்பரா கீது.”

அதைக் கேட்டுத்தான் நான் உடைந்துபோனேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டீக்கடைக்காரர் காதுபடவே சொன்னேன். பிரேக் இறுகுவது வண்டியின் கோளாறு என்பதை. அது எனக்கு எப்போதோ தெரியும் என்பதை. அண்ணனுடைய வண்டி எண் திரையில் வந்தபோது நானே முடித்துவைத்ததை. “உனக்கு எண்ணெ வாங்கிக் குடுத்தப்பவே தெரியும்ணா. தெரிஞ்சுதான் வாங்கினேன்.”

மறுநாள் இழுவை வண்டி வந்து எஸ்யூவியை ஏற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்த பிறகுதான் லைனில் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். சித்தப்பாவுக்கு ஒருமுறை மிதி இறுகியிருக்கிறது, கடைசி வீட்டுக்காரருக்கும் ஆகியிருக்கிறது. இரவல் வண்டியில் எப்படிக் குறை சொல்வது என்று அவரவர் தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். கல்யாணப் பெண் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அதெல்லாம் பிறகு.

அந்தச் சாலையோரத்தில் நான் திட்டுக்காகக் காத்து நின்றேன். இரண்டு அடி போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தரையிலிருந்து தூக்கினார், மடக்கினார், நீட்டினார்.

“அப்போ எங்காலுக்கு ஒண்ணும் இல்லியா பாப்பா?”

“இல்லண்ணா.”

“நெஜமாவா?”

டீக்கடை ஓரத்தில் காலி தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. ஓர் எட்டு எடுத்து வைத்து உதைத்தார். அது சாலையைத் தாண்டிப் போய்ப் புதரில் விழுந்தது. முகமெல்லாம் சிரிப்பாக என் மகளைத் திரும்பிப் பார்த்தார், அவள் பார்த்தாளா என்று. பிறகு என் பக்கம் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் முழங்கால் எண்ணெய் வாடை அடித்தது.

“நல்ல சேதி சொல்லிட்டு, இன்னாத்துக்குமா அழுவுற?” என்றார்.